லயத்துக் காம்பராவிலிருந்து ஒரு தொழில்: மலையகத் தோட்டங்களில் சிறுதொழில் வளர்க்க முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில் நாலு லயம் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஏறி இறங்கினால், துணி போட்டு மூடிவைத்த தையல் இயந்திரம் ஒன்றையாவது பார்க்கலாம். பயிற்சி கொடுத்திருப்பார்கள், சான்றிதழ் கொடுத்திருப்பார்கள், இயந்திரமும் வந்திருக்கும். தைத்ததை யார் வாங்குவார்கள் என்று மட்டும் யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்க மாட்டார்கள். கைவிடப்பட்ட காளான் குடில்களுக்கும் காலிக் கோழிக்கூடுகளுக்கும் இதே கதைதான். மக்களிடம் முயற்சி இல்லை என்று பழி சொல்வது எளிது. விடியலில் கொழுந்துக்குப் போய், பின்னேரம் மாட்டுக்குப் புல் அறுத்து, இரவில் பிள்ளைகளின் பாடத்தையும் பார்க்கிற ஒரு பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

தவறு வரிசையில் இருக்கிறது. பயிற்சி, கடன், பொருள், சந்தை என்றுதான் வழமையாகப் போகிறார்கள். தோட்டத்தில் அதைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் வாங்குபவர், பிறகு காகிதம், பிறகு விலைக் கணக்கு, பிறகு சின்ன அளவில் ஒரு சோதனை. கடன் கடைசியில். தொழில் தொடங்க நினைப்பவருக்கும், அவருக்குக் கைகொடுக்கிற இளைஞர் கழகம், மாதர் சங்கம், ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

தொடங்கும் முன்: தோட்டத்தின் நிலவரம்

1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. ஆகவே லயத்துக் காம்பராவுக்கும் அதன் முன்னால் உள்ள மரக்கறித் துண்டுக்கும் குடியிருப்பவரிடம் காணி உறுதிப்பத்திரம் கிடையாது. புதிய வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணி கிடைத்த குடும்பங்களுக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அங்கேயும் உறுதி கைக்கு வந்ததா என்று முதலில் பாருங்கள்.

உறுதி இல்லாததால் மூன்று இடங்களில் தட்டும். வங்கிக்கு ஈடு வைக்க முடியாது. கொட்டகை போட தோட்ட அத்தியட்சகரின் அனுமதி வேண்டும். தனி முகவரி இருக்காது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு மொத்தமாக வந்து பிந்திக் கிடைக்கும், சில நேரம் கிடைக்காமலே போகும். வங்கிக் கடிதம், நேர்முகப் பரீட்சைக் கடிதம் எல்லாம் அப்படித் தவறியிருக்கின்றன. அதனால் தொழிலுக்கான தபால் முகவரியாக டவுனில் உள்ள நம்பிக்கையான கடையையோ உறவினர் வீட்டையோ, அவர்கள் சம்மதத்தோடு கொடுங்கள். எல்லா விண்ணப்பத்திலும் மாறாத ஒரே தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள்.

இன்னொன்று பணத்தின் ஓட்டம். பெரும்பாலான தோட்டங்களில் மாதத்தின் 10ஆம் திகதி வாக்கில் சம்பளம், 25ஆம் திகதி வாக்கில் அட்வான்ஸ். இந்த இரண்டு நாளைச் சுற்றித்தான் தோட்டத்தில் காசு புழங்கும். மழை நாட்களில் கொழுந்து குறைந்தால் வேலை நாளும் குறையும். அடுத்த மாதம் உங்கள் கடை வியாபாரமும் குறையும். தீபாவளிக்கு முன் அட்வான்ஸ் கிடைக்கும்போது பத்து நாளைக்கு எல்லாம் விற்கும். உற்பத்தித் திட்டத்தை இந்த நாட்காட்டியின் மேல்தான் போட வேண்டும்.

படி 1: தோட்டத்துக் காசு எங்கே வெளியே போகிறது?

ஒரு டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) 20 வீடுகளைத் தெரிவு செய்யுங்கள். லயம், தனி வீடு, ஓய்வுபெற்றவர் வீடு, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் காசு அனுப்பும் வீடு என்று கலந்திருக்கட்டும். சம்பள நாளும் உட்படும்படி இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் நான்கு நிரல் போட்டு எழுதுங்கள்: என்ன வாங்கினார்கள், எவ்வளவு, என்ன விலை, எங்கிருந்து. பெரியவர்களிடம் மட்டும் கேட்டால் பாதி விடுபடும். கடைக்குப் போய்வருகிற பிள்ளையிடம் கேட்டால் பணிஸ், முறுக்குப் பக்கெட், ஐஸ் பக்கெட் வரை சரியான கணக்கு வரும்.

பட்டியலில் பெரும்பாலும் வருபவை: முட்டை, தேங்காய், பாண், அரிசி மா, மிளகாய்த்தூள், கருவாடு, நொறுக்குத் தீனி, யோகட், சட்டை தைக்கும் கூலி, போன் திருத்தும் காசு, டவுனுக்குப் போகும் ஆட்டோ காசு. தேங்காயையும் கருவாட்டையும் மலையில் உண்டாக்க முடியாது, விட்டுவிடுங்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு லயத்து வாசலுக்கே வரும் பாண் ஆட்டோவோடு மோதுவதும் வீண். மிச்சத்தில் எது இங்கேயே செய்யக்கூடியது என்று பாருங்கள்.

முட்டையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிவிஷனில் 100 குடும்பம், ஒரு குடும்பம் மாதம் 30 முட்டை வாங்குகிறது என்றால் மாதம் 3,000, நாளைக்கு 100. முட்டைக் கோழிகள் நன்றாக இடும் காலத்தில் நூற்றுக்கு 80 என்று வைத்தால் 125 கோழி வேண்டும். ஒரு கோழி நாளைக்கு ஏறத்தாழ 115 கிராம் தீவனம் தின்னும். 125 கோழிக்கு 14 கிலோவுக்கு மேல், மாதம் 430 கிலோ. குஞ்சாக வாங்கினால் 18, 20 வாரம் ஒரு முட்டைகூட இல்லாமல் தீவனம் போட வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஒன்று தெளிவாகும்: சந்தை இருக்கிறது, ஆனால் 125 கோழி ஒரு குடும்பத்தின் முதல் முயற்சிக்குப் பெரியது. முட்டையிடும் பருவத்துக் கோழி 25 வாங்கி, 20 வீட்டுக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பதுதான் பொருத்தம். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் கணக்கு எழுதினால் பாதி யோசனைகள் தாளிலேயே நின்றுவிடும். அது நல்லது. அங்கே நிற்கும்போது யாருக்கும் கடன் ஏறுவதில்லை.

வெளிச் சந்தையையும் குறித்துவையுங்கள். உந்துவப் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலைப் பருவம். மஸ்கெலியா, நல்லதண்ணி வழியில் கூட்டம் வரும். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம். எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் வெளிநாட்டவர் வருகை. இவை தோட்டச் சந்தைக்கு மேலதிகமாக வரும் காசு. இதை மட்டும் நம்பித் தொழில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின்னும் கொரோனாக் காலத்திலும் பலர் பட்டறிந்தார்கள்.

படி 2: காணி கேட்காத தொழிலைத் தெரிவு செய்தல்

தெரிவுக்கு நான்கு கேள்விகள் போதும். ஒரு காம்பரா அல்லது இஸ்தோப்பு (முன்தாழ்வாரம்) அளவு இடத்தில் நடக்குமா? கொழுந்து வேலைக்குப் போகும் ஆள், காலை 6 மணிக்கு முன்னும் மாலை 5க்குப் பின்னும் செய்யலாமா? மூலப்பொருள் 10 கிலோமீற்றருக்குள் கிடைக்குமா? மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் மூன்று நாள் தாங்குமா?

இரண்டாவது கேள்வியில் தையல் தேறும், ஆனால் காலம் பார்த்து. பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பதால் துணி வந்த கையோடு தைக்கும் வேலை குவியும். அடுத்து தீபாவளி, தைப்பொங்கல், கோயில் திருவிழா. இடைப்பட்ட மாதங்களில் பழுது தைத்தல், தலையணை உறை, சாரிக்குக் கரை அடித்தல் என்று நிரப்பாவிட்டால் இயந்திரம் தூங்கும்.

மூன்றாவது கேள்வியில் காளான் மாட்டுகிறது. சிப்பிக் காளானுக்கு வழமையான கலவை இதுதான்: மரத்தூள் 10 கிலோ, அரிசித் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், பயறு அல்லது சோயா மா 100 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம். கையில் அள்ளி இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. 1 கிலோ பை 25 வாக்கில் வரும். பீப்பாயில் வைத்து, ஆவி வரத் தொடங்கியதிலிருந்து 3 மணி நேரமாவது அவித்து, முழுதாக ஆறியபின் வித்து இட வேண்டும். இதெல்லாம் கற்றுக்கொள்ளலாம். சிக்கல் மரத்தூளில். ரப்பர் மரத் தூளும் மா மரத் தூளும்தான் நல்லது. ஹட்டன், தலவாக்கலை ஆலைகளில் கிடைப்பதோ பைன், யூக்கலிப்டஸ். அவற்றின் பிசினும் எண்ணெயும் காளான் இழையை வளர விடாது. நல்ல தூள் கேகாலை, அவிசாவளைப் பக்கமிருந்து மேலே ஏற வேண்டும். லொறிக் கூலியைக் கணக்கில் சேர்க்காத காளான் திட்டம் இரண்டாவது சுற்றிலேயே நிற்கும். குளிரில் இழை பரவவும் நாளெடுக்கும். கீழே தாழ்வான ஊர்களில் நாலு, ஆறு வாரத்தில் வெளுக்கும் பை, நானுஓயாக் குளிரில் அதைவிடப் பிந்தும். அந்த இடைவெளியில் பச்சைப் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். புசல்லாவை, பசறை, லுணுகலை போன்ற சற்று வெப்பமான பக்கங்களுக்குக் காளான் பொருந்தும். உயரத் தோட்டங்களுக்கு முதல் தெரிவாக அதைச் சொல்ல மாட்டோம்.

தேயிலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் கையில் இருக்கும் பொருள்தானே, பக்கெட் பண்ணி விற்கலாம் என்று தோன்றும். இலங்கைத் தேயிலைச் சபையின் பதிவு இல்லாமல் அதில் இறங்காதீர்கள். தோட்டத்துக் கொழுந்து வீட்டில் இருந்தால் அது திருட்டு வழக்காகவும் மாறலாம்.

மாடு வளர்க்கும் குடும்பங்களுக்குப் பால் சார்ந்த தொழில் நல்ல இடம். பால் சேகரிக்கும் வண்டி பல இடங்களில் காலையில் மட்டும் வரும். மாலைப் பால் வீட்டில் தங்கிவிடும், அல்லது அரை விலைக்குப் போகும். அந்த மாலைப் பாலை யோகட்டாக மாற்றுவதை கீழே விரிவாகப் பார்ப்போம். யோகட் உங்கள் தொழிலாக இல்லாவிட்டாலும் படியுங்கள். சோதனை, பழுது, விலை மூன்றையும் எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதுவே மாதிரி.

படி 3: காகிதங்கள்

பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நாங்கள் முன்னுக்குக் கொண்டுவரக் காரணம், தோட்டத்தில் இதற்கு நாளெடுக்கும்.

முதலில் பெயர். பிறப்புச் சான்றிதழில் இராமசாமி, அடையாள அட்டையில் ராமசாமி, ஊழியர் சேமலாப நிதிப் (EPF) பதிவில் இன்னொரு எழுத்து என்று இருப்பது தோட்டங்களில் சாதாரணம். வங்கியில் போய் நிற்கும்போதுதான் இது வெடிக்கும். மூன்று ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கெழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் சிறிதென்றால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிதென்றால் பிரதேச செயலகப் பதிவாளர் பிரிவில் திருத்த விண்ணப்பம் கொடுங்கள்.

பிறகு இந்த ஒழுங்கில் போங்கள். தோட்ட நிர்வாகத்திடம், இந்த இடத்தில் இந்தத் தொழிலைச் செய்ய ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். வாயால் சொன்ன சம்மதம், துரை (அத்தியட்சகர்) மாறினால் போய்விடும். தனியாகப் போய் மறுக்கப்பட்டால் சங்கத் தலைவரையும் கிராம உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்து கிராம உத்தியோகத்தரின் சான்று. அதோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. அந்தப் பதிவைக் காட்டித் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்கு. உணவு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தைப் பார்க்க வேண்டும். அவர் தண்ணீர், தரை, கழிவு வாய்க்கால், செய்பவரின் மருத்துவச் சான்று நான்கையும் கேட்பார். பீலித் தண்ணீர் (மலையூற்று நீர்) என்றால் பரிசோதனை அறிக்கை எடுத்து வையுங்கள். கடைசியில் பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம். அது ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டியது.

படிவம் சிங்களத்தில் மட்டும் நீட்டப்பட்டால் தமிழில் கேளுங்கள். தமிழும் ஆட்சிமொழி, கேட்பது சலுகை அல்ல. புரியாத படிவத்தில் கையெழுத்து வைக்கவே வேண்டாம்.

பிரதேச செயலகத்துக்குப் போன அன்றே சிறுதொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தரையும் விதாதா வள நிலையத்தையும் விசாரித்துவிடுங்கள். பயிற்சிக்கும் சுட்டுத்துண்டு (லேபல்), பொதியிடல் உதவிக்கும் அவர்கள்தான் முதல் படி. மாட்டுக்கு அரச மிருக வைத்தியக் காரியாலயம், மிளகு, ஏலத்துக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களம். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதால் தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை செலவு செய்ய வழி இருக்கிறது. சந்தைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, வாரச் சந்தையில் ஒரு கொட்டில் போன்றவற்றை உங்கள் வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.

படி 4: மாலைப் பாலிலிருந்து யோகட்

10 லீற்றர் பாலுக்குச் சொல்கிறோம். இதற்குக் குறைவாகச் செய்தால் எரிவாயுவும் நேரமும் கட்டாது.

வேண்டியவை: மூடியுள்ள அலுமினிய அல்லது எவர்சில்வர் பாத்திரம், உணவு வெப்பமானி, பால்மானி, மெல்லிய வெள்ளைத் துணி, 80 மில்லிலீற்றர் உணவுத்தர கப், மூடி, பெரிய ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி, குளிர்சாதனப் பெட்டி. வெப்பமானியை வாங்காமல் விரல் விட்டுப் பார்ப்பவர்கள் கெடுக்கிற பாலின் விலையில் ஐந்து வெப்பமானி வாங்கலாம்.

பாலை வடிகட்டி, ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்கவைத்துப் பாருங்கள். திரிந்தால் அந்தப் பாலைச் சேர்க்காதீர்கள். அடுப்பில் வைத்து 50 பாகை செல்சியஸ் வந்ததும், 900 கிராம் சீனியோடு 50 கிராம் ஜெலட்டினை உலர்வாகக் கலந்து, தூவியபடியே கிளறிக் கரையுங்கள். ஜெலட்டினைத் தனியாகக் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். 90 பாகைக்கு ஏற்றி 10 நிமிடம் வைத்திருங்கள். பிறகு பாத்திரத்தை மூடியபடி குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கி 43 பாகைக்குக் கொண்டுவாருங்கள். இந்த நிலையில் நொதியத்தைச் சேருங்கள். பொதியில் வாங்கும் நொதியம் என்றால் அதில் எழுதிய அளவு, நல்ல சீனியில்லா யோகட் என்றால் 200 முதல் 300 கிராம். முந்திய சுற்று யோகட்டையே எடுத்துப் போட்டுக்கொண்டு போனால் மூன்று நான்கு தடவைக்கு மேல் தாங்காது. புளிப்பும் பதமும் மாறிவிடும்.

கப்பில் ஊற்றி மூடி, ரெஜிபோம் பெட்டியில் அடுக்குங்கள். மலையகத்தில் பலருக்குப் பிசகுவது இங்கேதான். செய்முறைக் குறிப்புகள் கொழும்பு வெக்கையை நினைத்து எழுதப்பட்டவை. இரவில் குளிர் 14, 15 பாகைக்கு இறங்கும் காம்பராவில் மேசைமேல் வைத்த கப் ஒரு மணி நேரத்தில் ஆறிப்போகும், நொதியம் உறங்கிவிடும், விடியலில் பார்த்தால் நீர்த்த பால். பெட்டியின் நான்கு மூலையிலும் வெந்நீர் நிரப்பிய போத்தலை வைத்து, பெட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள். இரண்டு மணி நேரத்தில் வெந்நீரை மாற்றுங்கள். உள்ளே 42 பாகை வாக்கில் நின்றால் 4, 5 மணி நேரத்தில் உறையும். மாலை 6 மணிக்கு அடுப்பு மூட்டினால் நடுச்சாமத்துக்கு முன் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகும். அதற்குள் பெட்டியை ஆட்டவும் வேண்டாம், திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம்.

என்ன பிசகும்? உறையவே இல்லை, ஆனால் வெப்பம் சரி என்றால் மாட்டை நினையுங்கள். மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து தங்கியிருக்கும். அது நொதியத்தைக் கொன்றுவிடும். மிருக வைத்தியர் சொன்ன நாள் முடியும் வரை அந்தப் பாலைக் கலக்கவோ விற்கவோ கூடாது. பல வீட்டுப் பாலைச் சேர்க்கும் குழுவில் ஒரு வீடு இதை மறைத்தால் முழு 10 லீற்றரும் போகும். ஆகவே எந்த மாட்டுக்கு எப்போது ஊசி என்று சுவரில் ஒரு அட்டை தொங்கட்டும். மேலே தண்ணீர் தேங்கினால் அதிக நேரம் வைத்துவிட்டீர்கள், அல்லது உறையும்போது ஆட்டிவிட்டீர்கள். குமிழியும் ஈஸ்ட் வாடையும் வந்தால் கப், கை, தண்ணீர் இதில் ஒன்று அசுத்தம்; அந்தத் தொகுதியை விற்காதீர்கள், ஒரு கப்பைக்கூட. தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அடுத்த நாள் எல்லா லயத்துக்கும் தெரியும்.

ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது. கார்த்திகை, மார்கழி விரத மாதங்களில் இதைக் கேட்பவர்கள் உண்டு. சுட்டுத்துண்டில் மறைக்காமல் எழுதுங்கள், கேட்டால் சொல்லுங்கள். பொருளின் பெயர், சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், முகவரி, விலை இத்தனையும் இருக்க வேண்டும். பெயரை மூன்று மொழியிலும் போடுங்கள்.

படி 5: விலை, ஒரு கப் வரைக்கும்

கீழே உள்ள விலைகள் கணக்குக் காட்டுவதற்காக மட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 10 லீற்றர் பாலில் 125 கப் வரும் என்று வைப்போம்.

பால் 2,000 ரூபா, சீனி 220, ஜெலட்டின் 300, நொதியம் 150, கப்பும் மூடியும் 1,125, சுட்டுத்துண்டு 375, எரிவாயு 250, மின்சாரம் 150, போக்குவரத்து 300, ஐந்து மணி நேர உழைப்பு மணிக்கு 200 ரூபா வீதம் 1,000. மொத்தம் 5,870 ரூபா. 125இல் பத்து கப் கெட்டோ திரும்பியோ வரும் என்றால் விற்பது 115. ஒரு கப்புக்கு 51 ரூபா செலவு.

இப்போது வழமையாக நடக்கும் கணக்கைப் பாருங்கள். பால் நம் மாட்டுப் பால், உழைப்பு நம் உழைப்பு என்று இரண்டையும் விட்டு, 125 கப்பும் விற்கும் என்றும் வைத்தால் ஒரு கப்புக்கு 23 ரூபாதான் தெரியும். கடைக்கு 40 ரூபாவுக்குக் கொடுத்து 17 ரூபா லாபம் என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் ஒவ்வொரு கப்பிலும் 11 ரூபா போய்க்கொண்டிருக்கும். மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க முடியாமல் போகும்போதுதான் நட்டம் கண்ணில் படும். அப்போதும் தொழில் ராசியில்லை என்றே சொல்வார்கள். சொந்தப் பாலையும் சேகரிப்பு வண்டி கொடுக்கும் விலைக்கு நீங்களே வாங்குவதாக எழுதுங்கள். சொந்த உழைப்புக்கும் கூலி எழுதுங்கள்.

கடைசி விலை 80 ரூபா, கடைக்கு 15 ரூபா கழிவு என்றால் உங்கள் கைக்கு 65. 115 கப்புக்கு 7,475. செலவு போக 1,605. இதில் ஒரு பங்கைப் பாத்திரம், குளிர்சாதனப் பெட்டி தேய்மானத்துக்கென்று தனியாகப் போட்டு வையுங்கள்.

படி 6: முப்பது நாள் சோதனை, கடன் கொப்பி

முதல் மாதம் வாரத்தில் இரண்டு தடவை மட்டும் செய்யுங்கள். 20 வீட்டுக்கும் இரண்டு கடைக்கும் மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டியது மூன்று: செய்தது, விற்றது, திரும்பியது. நாலாவது வாரத்திலும் அதே வீடுகள் தாமாகக் கேட்டால் சந்தை இருக்கிறது. முதல் வாரம் முகத்துக்காக வாங்குவார்கள், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

தோட்டத்தில் கடன் கொடுக்காமல் விற்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு எல்லை போடுங்கள். ஒரு வீட்டுக்கு இவ்வளவு ரூபா வரைதான், சம்பளத்துக்கு அடுத்த நாள் தீர்க்க வேண்டும், தீர்க்காவிட்டால் புதிதாகக் கடன் இல்லை. இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி, சொந்தக்காரருக்கும் சேர்த்து. கொப்பி இரண்டு: ஒன்று உங்களிடம், ஒன்று வாங்குபவரிடம், இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். சண்டை பாதி குறையும். மொத்தக் கடன் பத்து நாள் மூலப்பொருள் செலவைத் தாண்டினால் உற்பத்தியைக் கூட்டாதீர்கள். விற்பனை கூடியது போல் தெரியும், கையில் காசு இருக்காது.

டவுன் கடைகளுக்குக் கொடுக்கும்போது, விற்காததைத் திருப்பி எடுப்பீர்களா என்பதை முதல் நாளே பேசிப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். கடை முதலாளி குளிர்சாதனப் பெட்டியை இரவில் நிறுத்துகிறாரா என்றும் பாருங்கள். நிறுத்தினால் அந்தக் கடை வேண்டாம்.

படி 7: கடன்

சோதனை முடிந்து மூன்று மாதக் கணக்குக் கொப்பி கையில் இருந்தால் மட்டும் கடனுக்குப் போங்கள். வாசலுக்கே வந்து, ஐந்து பெண்களைக் குழுவாக்கி, வாரத் தவணைக்குக் கொடுக்கும் நுண்கடன் தோட்டங்களில் எத்தனை குடும்பத்தை நொறுக்கியது என்பது இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாதம் இரண்டு தடவை மட்டும் காசு வரும் வீட்டுக்கு வாரத் தவணை பொருந்தாது. ஒரு தவணையைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட நகை அடகு என்று அது இழுத்துப் போகும்.

வட்டியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குறைந்து வரும் மீதிக்கா வட்டி, முழுத் தொகைக்கா? 1,00,000 ரூபாவுக்கு 12 வீதம் முழுத் தொகைக்கு என்றால், ஒரு வருடத்தில் 1,12,000 ரூபா, மாதம் 9,333. காதுக்கு 12 வீதம். ஆனால் ஆறாம் மாதத்தில் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழுக் கடனுக்கும் வட்டி கொடுக்கிறீர்கள்; குறையும் மீதியில் பார்த்தால் அது 21 வீதத்தைத் தாண்டுகிறது. ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முன்கூட்டி எடுப்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அரச வங்கிகள், பிரதேச அபிவிருத்தி வங்கி, சமுர்த்தி வங்கி, சணச (சிக்கன, கடன் கூட்டுறவு) இவற்றை முதலில் பாருங்கள். பிணையாளிகள் கேட்பார்கள். அரச உத்தியோகம் பார்க்கும் உறவினர் இல்லாத குடும்பத்துக்கு இது பெரிய தடை. ஆறு மாதம் தொழில் கணக்கில் காசு போட்டு எடுத்த பதிவும், சேமலாப நிதி உறுப்புரிமையும், கடன் தகவல் பணியகத்தில் நிலுவை இல்லாததும் அந்தத் தடையைக் கொஞ்சம் இளக்கும். முதல் கடனுக்கு ஓர் அளவு: மாதத் தவணை, சோதனைக் காலத்தின் மோசமான மாத லாபத்தில் பாதிக்குமேல் போகக்கூடாது.

சீட்டு பிடிப்பவர்கள் அதைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாம். தெரிந்த பத்துப் பேர், எழுத்தில் விதி, முதல் சீட்டை எடுக்கும் உரிமை இயந்திரம் வாங்குபவருக்கு. பெரிய சீட்டுக்குப் போகாதீர்கள்.

தோட்ட வேலையை விடுவதா?

அவசரப்பட வேண்டாம். தோட்டப் பதிவில் ஒருவராவது இருப்பதோடுதான் பல வீடுகளில் காம்பராவும் மருத்துவ வசதியும் ஒட்டியிருக்கின்றன. சம்பளத்தோடு சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்குத் (ETF) தோட்டத்தின் 3 வீதம் போகிறது. தொழிலின் லாபத்தை நாட்சம்பளத்தோடு ஒப்பிடும்போது தோட்டம் போடும் இந்த 15 வீதத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து அதைத் தாண்டினால் குடும்பத்தில் ஒருவர் முழுநேரமாக இறங்கலாம், மற்றவர் பதிவில் இருக்கட்டும்.

குழுவாகச் செய்வதென்றால் ஐந்து முதல் ஏழு பேர். வாங்குவதையும் விற்பதையும் சேர்ந்து செய்யுங்கள், உற்பத்தியை அவரவர் வீட்டில் வையுங்கள்; பொது இயந்திரம், பொது அடுப்பு என்று போனால் பழுது பார்ப்பது யார் என்பதில் உடையும். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, அந்த இருவரும் ஒரே வீட்டார் அல்லாதவர்கள். மாதக் கணக்கை லயத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

மழையும் மண்ணும்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தை நனைக்கும். பதுளைப் பக்கத்துக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை. அந்தந்த மாதங்களில் மின்சாரம் அடிக்கடி போகும், பாதை அடைபடும். யோகட் போன்றதைக் குறைத்து, அரிசி மா, மிளகாய்த்தூள், முறுக்கு போன்ற உலர்ந்த பொருளைக் கூட்டுங்கள். ஈரப்பதத்தில் உலர்ந்த பொருளும் கட்டிபடும். பக்கெட்டின் ஒட்டை அழுத்திப் பார்த்து, காற்று போகிறதா என்று தண்ணீரில் முக்கிச் சோதியுங்கள்.

கொட்டகை, கோழிக்கூடு, மாட்டுத் தொழுவம் எதுவானாலும் மண்வெட்டிச் சமன் செய்யும் முன் மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மாவட்டக் காரியாலயத்தில் விசாரியுங்கள். மேட்டை வெட்டிய இடத்துக்கு மேலே வாய்க்கால் வெட்டாமல் விட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகம் இழந்த உயிர்களையும் வீடுகளையும் பார்த்தபின் இதை ஒரு சம்பிரதாயமாக யாரும் எடுக்கக்கூடாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்று திடீரென்று கலங்குதல் தெரிந்தால் மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஆட்கள் முதலில் வெளியேறுங்கள். பொருளைக் காப்பாற்ற உள்ளே திரும்பாதீர்கள்.

வியாபாரப் பதிவு, தோட்டக் கடிதம், வங்கிப் புத்தகம், கடன் கொப்பியின் கடைசிப் பக்கம் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை போனில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். நிவாரணமோ நட்டஈடோ கேட்டு நிற்கும் நாளில் அந்தப் படங்கள்தான் உங்களிடம் ஒரு தொழில் இருந்தது என்று காட்டும்.